தொலைபேசிக் கடையிலிருந்து ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் சமூகவியல், மொழியியல், தொடர்பியல் துறைகளில் ஆய்வு நெறியாளர்களாக இருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில், பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு சிறு கடையை 1993 முதல் நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் அது மஞ்சள் பலகையில் 'எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ.' என்று எழுதி வைத்த, வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பேச வசதியுள்ள பொதுத் தொலைபேசி நிலையம். பிறகு ரீசார்ஜ் கூப்பன் கடையாயிற்று. இப்போது சிம் கார்டு, சார்ஜர், உடைந்த திரை மாற்றுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பிறர் பேசுவதற்கு வழி செய்து கொடுத்தே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிழைப்பவன் என்பதைத் தவிர, உங்களுக்கு எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

சென்ற ஆண்டு கோடையில் ஓர் ஆய்வு மாணவர் கடைக்கு வந்தார். கைபேசிப் பயன்பாட்டால் குடும்ப உறவுகளில் ஏற்படும் தாக்கத்தைப் பற்றி ஆய்வு செய்வதாகச் சொல்லி, நாற்பது வினாக்கள் அச்சிட்ட படிவத்தைக் கொடுத்தார். நல்ல பிள்ளை, வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்தது. நான் நிரப்பிக் கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த, எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியிடமும் அவர் கேட்டார். "சொந்தமாக போன் வைத்திருக்கிறீர்களா?" என்பது முதல் கேள்வி. "இல்லப்பா" என்றார் பாட்டி. நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தச் செயலிகள், இரவில் தூக்கம் கெடுகிறதா என்று கேட்கும் பக்கங்களை மாணவர் புரட்டிவிட்டு, 'பயன்படுத்தாதவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார்.

அவர் ஏறிய பேருந்து நிலையத்தை விட்டு வெளியே போவதற்குள் பாட்டி என் கைபேசியை வாங்கி, சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒன்றரை நிமிடம் குரல்பதிவு அனுப்பினார். கைபேசியைக் காதில் வைக்காமல், முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல வாய்க்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொள்வார். பதிவுப் பொத்தானை நான்தான் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். "ஏப்பா, அம்மா பேசுறேன்" என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவார். முடிக்கும்போது "சரி, வச்சிர்றேன்" என்பார். இரண்டு டிக்கும் நீலமாகும்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். மகனின் பதில் என் எண்ணுக்கே வரும். அதில் முதல் வரி எனக்கு: "அண்ணே, அம்மாகிட்ட போட்டுக் காட்டுங்க." பிறகு இரண்டு விநாடி அமைதி. அதற்குப் பிறகு வேறொரு குரலில், "அம்மா..." என்று தொடங்குவார்.

இந்தப் பாட்டிக்குக் கைபேசி இல்லைதான். ஆனால் மூன்று கைபேசிகளில் பேசுகிறார். வீட்டில் பேரனுடைய போன் நல்லது கெட்டது விசாரிக்க. பக்கத்து வீட்டுப் போன் திருப்பூரில் இருக்கும் மகளுக்கு. பணம், வைத்தியம், மருமகள் பற்றிய பேச்சு என்றால் என் கடை. எந்தச் செய்தியை எந்தப் போனில் பேசலாம், எதை எதில் பேசக்கூடாது என்பதில் அவருக்கு இருக்கிற தெளிவு எனக்கே இல்லை. அந்தத் தெளிவுதான் உங்கள் ஆய்வுக்குரிய பொருள் என்று நான் கருதுகிறேன். அது உங்கள் படிவத்தில் 'பயன்படுத்தாதவர்' என்று பதிவாகி, ஐந்நூறு படிவங்களோடு சேர்ந்து சதவிகிதமாகி, கடைசி அத்தியாயத்தில் 'மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்ற பரிந்துரையாக முடிந்திருக்கும்.

மாணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மூன்று மாதத்தில் தரவு திரட்டி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் வருகிறவர்கள் வேறு எதைச் செய்ய முடியும்? முறையைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். ஆகவேதான் மடல் உங்களுக்கு. கைபேசி மனிதர்களை என்ன செய்கிறது என்று கேட்டே பழகிவிட்டோம். மனிதர்கள் கைபேசியைக் கொண்டு ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்பதை அருகில் உட்கார்ந்து பார்க்கும் ஆய்வு தமிழில் அரிதாகவே கண்ணில் படுகிறது.

கருவியைச் செய்தவர்களுக்கே அது எதற்குப் பயன்படும் என்று முன்கூட்டித் தெரிந்ததில்லை. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் தொலைபேசியை வணிகத்துக்கும் அவசரத்துக்குமான பொருளாகவே விற்றன என்றும், சும்மா பேசிக்கொண்டிருப்பதை வீண் என்று கருதின என்றும், 1920களில்தான் 'உறவினரோடு பேசுங்கள்' என்ற பாணியில் விளம்பரம் செய்ய முன்வந்தன என்றும் சமூகவியலாளர் கிளாட் ஃபிஷர் காட்டியிருக்கிறார். அந்த நிறுவனங்களுக்கு வெகுகாலம் முன்பே அந்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் அதை அறிந்து வைத்திருந்தார்கள்.

நம் ஊரிலும் அப்படித்தான். தொண்ணூறுகளில் கல்யாணப் பத்திரிகைகளில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சிட்டிருப்பார்கள். எண் இன்னொருவருடையது, அழைத்தால் கூப்பிட்டுத் தருவார்கள் என்று பொருள். ஒரு தெருவுக்கே ஒரு போன். அந்தப் போன் உள்ள வீட்டாரிடம் சண்டை போட முடியாது. பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்கு ஒரு தூக்கு கூடுதலாகப் போகும். என் கடைக்கு இரவில் கூட்டம் வரும், ஏனென்றால் நேரம் ஆக ஆக எஸ்.டி.டி. கட்டணம் குறைந்துகொண்டே போய்ப் பின்னிரவில் கால்பங்காகிவிடும். கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் பேச, வெளியே நான்கு பேர் மீட்டரில் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கணவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக வந்த ஒரு அம்மா, மகனிடம் "எல்லாரும் நல்லா இருக்கோம், நீ உடம்பைப் பாத்துக்க" என்று மட்டும் பேசி வைத்துவிட்டு, வெளியே வந்து கடன் சொல்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் கட்டணமா, கதவுக்கு வெளியே நின்ற நான்கு பேரா, மகன் விமானம் ஏறி வந்துவிடுவானோ என்ற அச்சமா? அன்றே யாராவது கேட்டு எழுதியிருந்தால் இன்று நம்மிடம் ஒரு ஆவணம் இருந்திருக்கும். பி.சி.ஓ. காலம் ஆய்வு செய்யப்படாமலே போய்விட்டது என்பது என் மனக்குறை.

மிஸ்டு கால் காலத்துக்கு வருகிறேன். இந்தியாவில் 2003 வரை கைபேசிக்கு வரும் அழைப்புக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அது இலவசமான பிறகும் போகும் அழைப்புக்குக் காசுதான். எங்கள் பகுதியில் ஒரு மணி அடித்து நின்றால் 'பஸ் ஏறிவிட்டேன்', இரண்டு என்றால் 'கூப்பிடு', இரவு பத்து மணிக்கு ஒன்று என்றால் அதற்குத் தனிப் பொருள், அதை வயதுப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். இதே பழக்கத்தை ருவாண்டா நாட்டுச் சிறு வணிகர்களிடையே ஆராய்ந்து ஜொனாதன் டோனர் என்பவர் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். திரும்ப அழைக்கச் சொல்வது, முன்பே பேசி வைத்த குறிப்பைத் தெரிவிப்பது, உன்னை நினைத்தேன் என்று உணர்த்துவது என அவர் அதை மூன்றாகப் பிரித்தார். காசுள்ளவர்தான் திரும்ப அழைக்க வேண்டும் என்பதும், ஒரு பெண்ணின் மனத்தைக் கவர நினைக்கும் ஆண் அவளுக்கு மிஸ்டு கால் கொடுக்கக் கூடாது என்பதும் அங்கே எழுதப்படாத விதிகளாக இருந்தன. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கடல் கடந்த ஒரு நாட்டைப் பற்றிய ஆய்வு என் கடை வாசலைப் பற்றியதாக இருந்தது. ஆனால் என் கடை வாசலைப் பற்றி அப்படி ஒன்று எழுதப்பட்டதாக நான் அறியவில்லை. முதலாளிக்கு மிஸ்டு கால் கொடுக்கலாமா, மாமனாருக்குக் கொடுக்கலாமா, சம்பந்தி வீட்டாருக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பவற்றுக்கெல்லாம் எங்களிடம் தெளிவான சட்டம் இருந்தது. கட்டணமில்லாத அழைப்பு வந்ததும் அந்தச் சட்டப் புத்தகம் எழுதப்படாமலே அழிந்தது.

அழிந்தது என்று முழுதாகவும் சொல்ல முடியாது. தன்னைத் தடை செய்துவிட்ட நண்பனுக்குப் பணம் செலுத்தும் செயலியில் ஒரு ரூபாய் அனுப்பிப் பேச்சைத் தொடங்கும் இளைஞர்களை இப்போது பார்க்கிறேன். பணம் அனுப்பவா அந்த ஒரு ரூபாய்? அதுவும் மிஸ்டு காலின் பேரன்தான்.

மொழியியல் துறையினருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் உண்டு. இமானுவேல் ஷெக்லாஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1968இல், தொலைபேசியை எடுத்ததும் முதலில் பேசுவது யார் என்பதை மட்டும் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஏறக்குறைய ஐந்நூறு பதிவுகளில் ஒன்றே ஒன்று அவர் வகுத்த விதிக்குப் பொருந்தவில்லை. அந்த ஒன்றை விலக்கு என்று தள்ளிவிடாமல், அதற்காக விதி முழுவதையும் மறுபடி எழுதினார் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. இப்போது தமிழுக்கு வாருங்கள். பி.சி.ஓ. காலத்தில் எல்லோரும் "ஹலோ, யாரு பேசுறது?" என்றார்கள். அழைப்பவர் பெயர் திரையில் தெரியத் தொடங்கியதும் 'ஹலோ' தேய்ந்து, எடுத்தவுடன் "சொல்லுங்க" என்றாயிற்று. நெருங்கியவர்களுக்கு "சொல்லு", இன்னும் நெருங்கியவர்களுக்கு நேராக "எங்க இருக்க?" எண்ணைச் சேமித்து வைத்திருந்தும், கடன் கொடுத்தவர் அழைத்தால் மட்டும் "ஹலோ, யாருங்க?" என்பவர்களும் உண்டு, அந்த 'யாருங்க' ஒரு தற்காப்பு. வைப்பதற்கு ரிசீவர் இல்லாத காலத்திலும் "வைக்கிறேன்", "வச்சிடட்டுமா?" என்றுதான் முடிக்கிறோம். அதுவும் ஒரு முறை சொன்னால் போதாது. மரியாதைக்குரியவரிடம் இரண்டு மூன்று முறை "சரிங்க, சரிங்க" என்று இறங்கி வந்துதான் வைக்க முடியும். குரல்பதிவில் மறுபக்கத்தில் ஆள் இல்லை. ஆனாலும் பாட்டி விடைபெறுகிறார். இவற்றை உரியவர் ஒப்புதலோடு பதிவு செய்து எழுத்தில் வடித்து வைப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. பேச்சுத் தமிழைப் பேச்சுத் தமிழாகவே எழுதிக்கொள்ளும் பொறுமை போதும். கைபேசி உரையாடலை ஆய்வேட்டில் செந்தமிழாகத் திருத்தி எழுதினால், கிடைத்ததைக் கிணற்றில் போட்டதற்குச் சமம்.

அருகில் உட்கார்ந்து பார்க்கும் ஆய்வே தமிழ்நாட்டில் நடக்கவில்லை என்று சொன்னால் அது பிழை. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் மானிடவியலாளர் டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது ஆய்வாளர்கள் உலகின் வெவ்வேறு ஊர்களில் தலா பதினைந்து மாதங்கள் தங்கிச் சமூக ஊடகப் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு அருகே, ஐ.டி. நிறுவனங்களும் பழைய கிராமங்களும் நெருக்கியடிக்கும் பகுதியில் தங்கி, ஊர்ப்பெயரைப் 'பஞ்சகிராமி' என்று மாற்றி வைத்து எழுதினார். வகுப்பும் சாதியும் குடும்பமும் பாலினமும் வரைந்த கோடுகள் திரைக்குள்ளும் தொடர்வதை அவர் எடுத்துக் காட்டினார். 2017இல் நூலாக வந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆங்கிலத்தில். பஞ்சகிராமியின் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு தாய் அதைப் படித்து, "இது நாங்கள்தான்" என்றோ "இது நாங்கள் இல்லை" என்றோ சொல்ல வழியில்லை. இந்தக் குறையை நூலாசிரியர்மீது சுமத்த மாட்டேன். தமிழ்த் துறைகள் நிறைந்த இந்த மாநிலத்துக்கு அது ஒரு கடன்.

பெண்களும் பகிர்ந்துகொள்ளும் போனும் பற்றி 2018இல் நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்கள் ஏறக்குறைய 200 பேரிடம் பேசி எழுதியதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். போனை வீட்டார் கேட்டால் மறுக்க முடியாத பெண்கள், மறுக்காமலே எப்படித் தங்களுக்கென்று ஓர் இடத்தைக் காத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் பொருள்: சில செயலிகளுக்குப் பூட்டு, சில செய்திகளை மட்டும் தேர்ந்து அழிப்பது, சிலவற்றை அந்தப் போனில் செய்யாமலே இருப்பது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருப்பதாகச் சொன்ன இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. மீதி 46 விழுக்காட்டையும் 'பயன்படுத்தாதவர்' என்று வாசிப்பவர்களுக்கு என் பாட்டியை அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறேன்.

வாட்ஸ்அப் குரூப் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக் குரூப்பில் கணக்குத் தகராறு வந்தபோது ஒரு பெரியவர் குரூப்பை விட்டு வெளியேறினார். 'வெளியேறினார்' என்ற சாம்பல் நிற வரி எல்லோருக்கும் தெரிந்தது. பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்து போவதற்கு ஒப்பான செயல் அது. அன்று மாலையே நான்கு பேர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சமாதானம் பேசினார்கள். 2022இல் வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா நிறுவனம், மற்றவர்களுக்குத் தெரியாமல், நிர்வாகிக்கு மட்டும் தெரியும்படி வெளியேறும் வசதியைக் கொண்டு வந்தது. நாகரிகமான ஏற்பாடு என்று பலர் பாராட்டினார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு கோபித்துக்கொண்டு போனவர்களைத் தேடிப் போக ஆளில்லை, ஏனென்றால் போனதே தெரியவில்லை. இப்போது வெளியேறுகிறவர்கள் முதலில் ஒரு நீண்ட குரல்பதிவு போட்டுவிட்டு வெளியேறுகிறார்கள். யாரோ எங்கோ ஒரு வரியை எடுத்ததால் இங்கே ஒரு வழக்கம் இடிந்து, இன்னொரு வழக்கம் முளைத்தது. இதை எந்தப் படிவத்தின் எந்த வினாவால் பிடிப்பீர்கள்?

மொய்யும் அப்படியே. எங்கள் பக்கத்தில் மொய் என்பது விளையாட்டல்ல; ஆடியில் மொய் விருந்து வைத்து இலட்சக்கணக்கில் வாங்கி, திருப்பிச் செய்யும் வட்டாரம் இது. நோட்டில் ஊர், பெயர், தொகை ஏறினால்தான் அது மொய். சென்ற வருடம் வெளியூரிலிருந்து ஒருவர் மாப்பிள்ளையின் எண்ணுக்கு ஐயாயிரம் ரூபாய் செயலியில் அனுப்பிவிட்டார். பணம் சேர்ந்துவிட்டது, நோட்டில் ஏறவில்லை. அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் ஐநூறு எழுதியபோது வந்த சண்டையை என் கடை பெஞ்சில்தான் தீர்த்தார்கள், மாப்பிள்ளையின் போனில் அந்தப் பழைய பரிவர்த்தனையைத் தேடி எடுத்து. பணம் போய்ச் சேர்ந்ததற்குச் செயலி சாட்சி. ஆனால் ஊர் அறிய எழுதப்பட்டதற்கு அது சாட்சியாகவில்லை.

சிரிப்பாக முடியும் காரியங்கள் மட்டுமே என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை, குழந்தை கடத்த வந்தவர் என்று சந்தேகித்துக் கூட்டம் அடித்துக் கொன்றது. வட மாநிலத்தார் குழந்தை கடத்த வந்திருப்பதாக அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் படங்களும் குரல்பதிவுகளும் சுற்றிக்கொண்டிருந்தன. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்நிறுவனம் வரம்பு வைத்தது. ஐந்து என்ற எண் நல்லதுதான். ஆனால் என் கடைக்கு வந்து "இதை என் அக்கா ஊருக்கு அனுப்பிக் கொடுங்க" என்று கேட்ட தாய்மார்கள் வதந்தி பரப்ப வந்தவர்கள் அல்லர். அக்காவின் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். அனுப்பாமல் இருந்து, நாளை ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்பது அவர்கள் கணக்கு. நானும் அன்று இரண்டு பேருக்கு அனுப்பிக் கொடுத்தேன். பாசம் எந்த இடத்தில் வதந்திக்கு வண்டியாகிறது என்பதை, 'போலிச் செய்தியை நம்புகிறீர்களா: ஆம் / இல்லை' என்று கேட்டு அறிய முடியாது. நானே 'இல்லை' என்றுதான் டிக் போட்டிருப்பேன்.

அருகில் வாருங்கள் என்று அழைக்கும்போதே ஒரு வேலியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 பேரின் திரையில் மகிழ்ச்சிப் பதிவுகளையோ வருத்தப் பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டது. அந்த மக்களிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அந்நியக் கம்பெனியின் செயல் என்று நாம் தள்ளி நிற்க முடியாது. குடும்பக் குரூப்பில் தாம் ஓர் உறுப்பினர் என்ற ஒரே உரிமையில் சித்தப்பாவின் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒட்டுவதும் அதன் தம்பிதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுப் பணிக்குச் சில விலக்குகளை அளிக்கிறது. சட்டம் விட்டுவிட்டாலும் சித்தப்பா விடமாட்டார். குரூப் என்றால் அத்தனை பேரிடமும் கேட்க வேண்டும். பகிர்ந்துகொள்ளும் போன் என்றால் போனுக்குச் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது, அதில் பேசியவரிடமும் கேட்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை பெரிதல்ல. ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது படிவம் இல்லாமல் ஒரே ஊரில் எட்டு மாதமோ பத்து மாதமோ தங்க அனுமதியுங்கள். ஐந்நூறு பேரின் விழுக்காட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை மூன்று வீடுகளின் விவரமான பதிவுக்கும் கொடுங்கள். எழுதி முடித்ததும் அதன் சுருக்கத்தைத் தமிழில், அந்த ஊரிலேயே, பேசியவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் மறுப்பதையும் ஆய்வேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். என் கடை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். பெஞ்சில் இடம் இருக்கிறது. டீ என் செலவு.

இந்த மடலை அனுப்புவதற்கு முன் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். மருமகள் பற்றிய வரியில் மட்டும் என்னை நிறுத்தி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார். ஆய்வுக்கு ஆள் வந்தால் நீங்கள் பேசுவதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "என்ன பேசுனேன்னு எழுதிக்கட்டும், யாருக்குப் பேசுனேன்னு எழுத வேணாம். அப்புறம், அந்தப் புள்ள அன்னைக்கு என்னமோ டிக்குப் போட்டுச்சே, அதை அழிக்கச் சொல்லு" என்றார்.

இப்படிக்கு,
தொலைபேசிக் கடைக்காரன்,
புதுக்கோட்டை மாவட்டம்.